தாரீக் மேடமும் காதலிக்கும் பேய்களும்

ஓநாயாக மாறுகிற ஆண்களைப் பற்றி அக்காவுக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. ரத்தம் குடிக்கிறவர்களைப் பற்றி அவ்வளவு கிடையாது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களை அவர் ஒரேயடியாக நிராகரித்துவிடுவார். பேய்களின் விஷயத்தில் மட்டும் ஆளைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான மாறுதான்? தேதி தெரிஞ்சு மாறுதவன நம்பலாம்ட்டி. மத்த ஆம்பளைங்க எப்பம் மாறுவாங்கன்னு எந்தக் காலண்டர்ல போட்டிருக்கு?" என்பார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தொண்ணூறுகளில் மயூர் விஹாரிலிருந்து ஆபீசுக்குப் போகிற சார்ட்டர்ட் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்காரர். ஆபீஸ் போகிறவர்கள் மாதச் சந்தா கட்டி ஓட்டுகிற தனியார் பஸ் அது. ஆளுக்கொரு சீட், வருஷக்கணக்காக மாறாது. பின் வரிசையில் ஆண்கள் மடியில் ப்ரீஃப்கேஸை வைத்து அதன் மேல் ரம்மி ஆடுவார்கள். நடு வரிசையில் பஞ்சாபிப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நாங்கள் இருவரும். ஒன்பது வருஷம் அப்படிப் போனோம். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம், எனக்குத் தஞ்சாவூர். நான் பேசுகிற தமிழை அவர் "ரேடியோத் தமிழ்" என்று கேலி செய்வார். அவர் பேசுவது எனக்கு முதல் மாதம் பாதிதான் புரிந்தது. அவர் பெயரை எழுத மனம் வரவில்லை. எழுதட்டுமா என்று கேட்கவும் இப்போது வழியில்லை.

இருவருக்கும் ஒரே கட்டிடம், வேறு வேறு மாடி. அக்காவுக்குத் தபால் பிரிவு. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இருபத்தைந்து வருஷமாகத் தினமும் காலையில் முத்திரையில் தேதியைத் திருப்பி வைத்துத்தான் வேலையை ஆரம்பிப்பார். அதனால்தான் தேதி அவருக்குப் பைத்தியமாகிவிட்டது என்று ஆபீசில் எல்லோரும் நம்பினார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

ஹிந்தியில் நேற்றைக்கும் "கல்" தான், நாளைக்கும் "கல்" தான். டெல்லிக்காரர்கள் வினைச்சொல்லை வைத்துப் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. அக்கா மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார். எலக்ட்ரீஷியன் "கல் ஆவூங்கா மேடம்" என்றால், "கல் நஹீ, தாரீக் போலோ" என்பார். கல் வேண்டாம், தேதியைச் சொல். அவன் தலையைச் சொறிந்துகொண்டு தேதி சொன்னால், "தின்?" என்று கிழமையையும் கேட்பார். ஒருமுறை அவர்களுடைய அதிகாரி "ஃபைல் கல் தக் சாஹியே" என்று, அதாவது கல்லுக்குள் ஃபைல் வேண்டும் என்று சொல்லப்போக, "கௌன் ஸா கல், சார்?" என்று கேட்டாராம். எந்தக் கல் என்று. அன்றிலிருந்து அவருக்கு "தாரீக் மேடம்" என்று பெயர் நிலைத்துவிட்டது. தமிழிலும் அதே கதைதான். நாளைக்கு என்னோடு கடைக்கு வருகிறீர்களா என்று கேட்டால், "பதினாறு, வியாழக்கிழம. வாறேன்" என்பார்.

"நாளைக்குன்னு சொன்னா நாக்கு வெந்துடுமாக்கா?" என்று நான் கேலி செய்வேன்.

"ஒனக்கு வேகாது. எனக்கு வெந்திருக்கு" என்று புத்தகத்தைத் திறந்துகொள்வார்.

புத்தகம் எல்லாம் தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கினவை. அங்கே குவித்துப் போட்டிருக்கிற பழைய ஆங்கில நாவல்களில் அவர் தொடுவது ஒரே ஜாதியைத்தான். காதல் இருக்க வேண்டும், காதலிக்கிற இருவரில் ஒருவர் சாதாரண மனிதராக இருக்கக் கூடாது. செத்தவனாகவோ, சாகாதவனாகவோ, வேறு நட்சத்திரத்துக்காரனாகவோ, வேறு நூற்றாண்டுக்காரனாகவோ இருக்க வேண்டும். அட்டைகளில் சட்டை போடாத ஆண்பிள்ளைகள் காற்றில் முடி பறக்க நிற்பார்கள். அதனால் வாங்கின அன்றைக்கே ஆபீஸ் பழுப்பு உறையைப் பிரித்து அட்டை போட்டுவிடுவார். பழுப்பு அட்டை, மூக்குக் கண்ணாடி, அசையாத உதடு. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பாராயணம் செய்கிற மாதிரி இருக்கும். பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு சர்தார்ஜி ஒருநாள் பயபக்தியோடு, "மாதாஜி, கௌன் ஸா பாட் சல் ரஹா ஹை?" என்று கேட்டார். எந்தப் பாராயணம் நடக்கிறது என்று. அக்கா நிமிராமல், "ப்ரேத் கா" என்றார். பிரேதத்தைப் பற்றியது. பொய்யில்லை. அந்த நாவலில் கதாநாயகன் செத்து நாற்பது பக்கம் ஆகியிருந்தது. சர்தார்ஜி புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நான் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அக்கா பக்கத்தைத் திருப்பினார்.

படித்து முடித்ததும் பின்அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார். ஆபீஸ் ஃபைலில் எழுதுவோமே, அதே நடை. அதே சுருக்கொப்பம், தேதி, கிழமை. ஆனால் தமிழில்.

"படித்தேன். பேய் ஒழுங்கானவன். பெண் அவசரக்காரி. ஏற்கலாம்."

"முந்நூறு வருஷம் உயிரோடிருந்தவனுக்குப் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் பேச என்ன இருக்கிறது என்று ஆசிரியை விளக்கவில்லை. முந்நூறு வருஷத்தில் ஒரு ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. மறுபரிசீலனை தேவை."

"விண்கலம் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்பதாம் பக்கத்தில் உள்ளது. அன்றைக்கே பதினோராம் பக்கத்தில் தபால் ஆபீஸ் திறந்திருக்கிறது. திருப்பி அனுப்பலாம்."

திருப்பி அனுப்பலாம் என்று எழுதினதை நிஜமாகவே திருப்பிக் கொண்டுபோவார். தரியாகஞ்ச் வியாபாரி ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டு, "மேடம், மைம் கிதாப் தோல் கே பேச்தா ஹூம், தாரீக் தேக் கே நஹீ" என்றானாம். எடை போட்டு விற்கிறவன் நான், தேதி பார்த்து விற்கிறவன் இல்லை என்று. அதை அக்காவே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் அந்த நாவல்களில் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. வாங்கிக்கொண்டு போனால் என் பெண்தான் படிப்பாள். அவள் டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நாவலை இரண்டே நாளில் முடித்துவிட்டுப் பின்அட்டையைத் திறந்துகொண்டு என்னிடம் ஓடி வருவாள். "அம்மா, ஆன்ட்டி என்ன எழுதியிருக்காங்க? அச்சா சொல்றாங்களா, இல்லையா?" நான் வாசித்துக் காட்டுவேன். எங்கள் வீட்டில் கதை அவளுக்கு, தீர்ப்பு எனக்கு.

வேற்றுக்கிரகத்துக்காரர்கள் மேல் மட்டும் அக்காவுக்கு ஏன் அத்தனை கோபம் என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்து எறங்குன அன்னைக்கே அவளோட இங்கிலீஷ்ல பேசுதான்ட்டி. எப்படிப் பேசுவான்? நான் டெல்லியில எறங்கி ஒரு வருஷத்துக்கு எனக்கு ஹிந்தி வரல. இத்தனைக்கும் ஒரே பூமி. மொதல்ல பாஷ தெரியாம முழிக்கட்டும், தப்பாப் புரிஞ்சிக்கிடட்டும், பொறவு காதலிக்கட்டும். நான் நம்புதேன்."

பேய்களைப் பற்றி அவர் சொன்னது வேறு மாதிரி. ஒரு நாவலில் ஒரு பேய் தன் காதலிக்காகப் பழைய மாளிகையில் நூறு வருஷம் காத்திருந்தது. என் பெண் அதைப் படித்து அழுதாள். அக்காவின் குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது: "இவனுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, ஆபீஸ் இல்லை, காத்திருந்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை." எனக்கு அது பிடித்தது. பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். "பின்ன?" என்றார். "டிபன் கட்டிக்கிட்டு, பஸ் பிடிச்சு, சம்பளம் வாங்கி, வீட்டுக்காரம்மாவுக்கு வாடகை குடுத்துக்கிட்டுக் காத்திருக்கணும். அப்பம் தெரியும்." அவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கல்யாணமாகாதவர், தனியாக இருக்கிறார், வாய்த்துடுக்கு உண்டு. அவ்வளவுதான் நான் அறிந்தது. எனக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

கூடவே இருந்ததில் அவருடைய வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. டிவி சீரியலில் யாராவது "திங்கட்கிழமை நிச்சயதார்த்தம்" என்றால் நான் சுவர்க் காலண்டரைப் பார்ப்பேன். தப்புக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒரு சந்தோஷம். மறுநாள் பஸ்ஸில் ஏறினதும் அக்காவிடம் அளப்பேன். அவர் "பரவாயில்லையே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனையோ சீரியல் பார்த்திருக்கிறேன். என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது.

ஒரு ஜனவரிக் காலை. யமுனைப் பாலத்தின் மேல் பனிமூட்டத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ விபத்து. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ரம்மி ஆடுகிறவர்கள் மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். அக்கா படித்துக்கொண்டிருந்தது ஒரு காலயந்திர நாவல். கதாநாயகன் இருநூறு வருஷம் பின்னால் போகிறான். காதலி ஊரை விட்டுப் போனதற்கு மறுநாள் போய்ச் சேருகிறான். யந்திரத்தை மறுபடி முடுக்கி, ஒருநாள் முன்னால் போய் அவளைப் பிடித்துவிடுகிறான்.

அக்கா புத்தகத்தை மூடினார். "ஒருநாள் தள்ளிப் போறதுக்கு மெஷின் எதுக்குட்டி? ஹிந்தி தெரியாம இருந்தாப் போதும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு அவராகவே சொன்னார். குரலை ஏற்றாமல், இறக்காமல், பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்கா டெல்லிக்கு வந்த புதிது. வயது இருபத்தொன்று. கரோல் பாகில் மாடியில் ஓர் அறை, கீழே வீட்டுக்காரம்மா. ஊரில் டைப்ரைட்டிங் வகுப்பில் பழகினவர் ஒருவர் நாக்பூரில் வேலையில் இருந்தார். இருவருக்கும் இடையில் வாரம் ஒரு கடிதம். அவர் வீட்டில் வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். "நேரில் வருகிறேன், பேசி முடிவு செய்வோம்" என்று எழுதியிருந்தார். தேதி போடவில்லை, இந்த மாதத்துக்குள் என்று மட்டும் இருந்தது.

"ஒருநா காலையில ஆபீசுக்கு எறங்கிப் போறேன். வீட்டுக்காரம்மா உள்ளருந்து சத்தம் போட்டுச் சொல்லுதா. 'துமாரா மெஹ்மான் கல் ஆயா தா, க்யாரா பஜே. ஆஜ் ஷாம் கீ காடீ ஸே ஜாயேகா.' எனக்கு அப்பம் ஹிந்தின்னா நாலு சொல்லு. ஆபீஸ் ப்யூன் எதக் கேட்டாலும் 'கல் ஆயியே'ம்பான், அதனால கல்லுன்னா நாளைக்கு. மெஹ்மான்னா விருந்தாளி. க்யாரான்னா பதினொண்ணு. ஆஜ் ஷாம்னா இன்னைக்குச் சாயங்காலம். காடின்னா ரயிலு. வந்தான்ங்குத ஆயா, போவான்ங்குத ஜாயேகா எல்லாம் ஒரே எரைச்சலாத்தான் காதுல விழும். இன்னைக்குச் சாயங்காலம் ரயில் ஏறி நாளைக்குப் பதினோரு மணிக்கு வாறாவன்னு நானே கூட்டி வாசிச்சுக்கிட்டேன். நாக்பூர்லருந்து ரயிலு அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் தலையாட்டினேன்.

"மறுநாளைக்கு லீவு போட்டேன். அப்பல்லாம் டெல்லியில தேங்கா கெடைக்காது, மதராசிக் கடைக்காரன் கையில காலுல விழுந்து ஒண்ணு வாங்குனேன். சொதி வச்சேன். இஞ்சிப் பச்சடி வச்சேன். பதினொண்ணாச்சு, பன்னெண்டாச்சு, ரெண்டாச்சு. வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து பாத்துட்டு, யாருக்கு இவ்வளவும்னா. 'மெஹ்மான், கல், க்யாரா பஜே'ன்னேன். அவளுக்கு மொகமே போயிட்டு. கையத் தோளுக்குப் பின்னால வீசி வீசிக் காமிக்கா. 'வோ வாலா கல், பேட்டீ, வோ வாலா கல்'னு. அந்தக் கல்லு, மக, அந்தக் கல்லு. அவிய வந்து ரெண்டு நாளாச்சு. நான் சொதிக்குத் தேங்கா தேடிக்கிட்டிருந்த அந்தச் சாயங்காலமே ரயிலு போயிட்டு."

"அப்புறம்?"

"பத்து நாள் கழிச்சு ஆபீசுக்குக் காயிதம் வந்தது. வந்து பாத்தேன், நீ இல்ல, ஒன் விருப்பம் புரிஞ்சது, நல்லா இருன்னு. நான் எட்டுப் பக்கம் எழுதுனேன். ஹிந்தியில கல்லுன்னா ரெண்டு அர்த்தம்னு வெளக்கி எட்டுப் பக்கம். பதில் இல்ல. கல்யாணப் பத்திரிகைதான் வந்தது." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "தமிழ்ல கல்லுன்னா தலையில விழும். ஹிந்தியிலயும் விழுந்தது."

இந்த இடத்தில் நான் "அடப்பாவமே" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மனசு அப்படித்தான் நினைத்தது. ஆனால் புத்தி வேறொன்றைக் கவனித்துவிட்டது. ஊரில் யார் வீட்டுச் சாவைச் சொன்னாலும் கிழமையோடு சொல்கிறவர், இந்த ஒரு கதையை மட்டும் கிழமை இல்லாமல் சொன்னார். சீரியலில் தப்புப் பிடிக்கிற அதே குறுகுறுப்பு எனக்கு.

"அவர் வந்தது என்ன கிழமைக்கா?"

அக்கா, "புதன்" என்றார்.

"புதன்கிழமை காலைல பதினோரு மணிக்கா? நீங்க ஆபீஸ்லதானே இருந்திருப்பீங்க?"

"ஆமா."

"ஆபீஸ் விலாசம் அவருக்குத் தெரியாதா?"

"காயிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும்."

"ஒரு சீட்டாவது எழுதி வச்சிட்டுப் போனாரா?"

"இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்டுபிடித்த பெருமை விடவில்லை. "அப்ப அவர் உங்களைப் பாக்க வரலேக்கா. வந்தேன், நீ இல்லேன்னு எழுதறதுக்காக வந்திருக்கார். கல்லு மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் "பரவாயில்லையே" என்று சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன். இதை எழுதும்போது இப்போதும் என் முகம் சுடுகிறது.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "அப்படியும் இருக்கும்" என்றார். பஸ் நகர்ந்தது. ஆபீஸ் மாடி ஏறும்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

அவர் என்னோடு சண்டை போடவில்லை. முகம் திருப்பவில்லை. மறுநாளும் அதே சீட், அதே பழுப்பு அட்டை. ஆனால் புதிதாக எடுத்த நாவலில் இருபதாம் பக்கம் இருபதாம் பக்கமாகவே இருந்தது. இறங்கும்போது மூடிப் பையில் வைப்பார், மறுநாள் அதே பக்கத்தைத் திறப்பார். அந்த மாதம் என் பெண்ணுக்குக் கொடுத்த ஒரு நாவலின் பின்அட்டையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள். தரியாகஞ்சுக்கும் அக்கா போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். "அங்க என்ன இருக்கு, எல்லாம் செத்தவன் கதை" என்றார்.

பிப்ரவரியில் ஒருநாள் லிஃப்டுக்காக நின்றிருந்தபோது அவருடைய பிரிவு ப்யூன் என்னிடம் வந்து, "தீதீ, தாரீக் மேடம் கல் போல்னே லகீ ஹைம்" என்றான். தாரீக் மேடம் "கல்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். அவனுக்கு அது வேடிக்கை. பிரிவில் எல்லோரும் கைதட்டினார்களாம். நான் லிஃப்டில் ஏறாமல் படியில் நடந்தேன். மாலையில் பஸ்ஸில் அவரிடம், "சனிக்கிழமை வீட்டுக்கு வரட்டுமாக்கா?" என்றேன். "நாளைக்கோ நாளன்னைக்கோ, என்னைக்கு வேணும்னாலும் வா" என்றார். பாலத்தின் மேல் சொன்ன கதையைத் தவிர, அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நாளைக்கு என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கேட்க என்னவோ போலிருந்தது.

அதற்கு மறுவருஷம் அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு டெல்லியை விட்டுப் போய்விட்டார். விலாசம் யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னிடம் கொடுத்திருப்பார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை நடந்ததை நினைத்தால், என்னிடம்தான் கொடுத்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

அன்று நான் சும்மா போகவில்லை. ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். மூன்று மாடி ஏறும்போதும் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முற்பகல் வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து நாவல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டையைக் கழற்றியாகிவிட்டது. சட்டை போடாத ஆண்பிள்ளைகள் அறை முழுக்கக் கிடந்தார்கள். பழைய பேப்பர்காரனை வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

"அக்கா, எங்க பெரியப்பா ரயில்வேயில இருந்தவர். எஸ்.டி.டி. போட்டுக் கேட்டேன்" என்று ஆரம்பித்தேன். எனக்கு ரயில்வேயில் பெரியப்பா கிடையாது. "அந்தக் காலத்துல நாக்பூர் வண்டி புதன்கிழமை காலைலதான் டெல்லி வருமாம். வந்து இறங்கினவர் நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கார். புது ஊரு, ஆபீஸ் எங்கேன்னு தேடத் தெரிஞ்சிருக்காது. அன்னிக்கு நான் யோசிக்காம ஏதோ உளறிட்டேன்."

அக்கா நான் முடிக்கிறவரை கேட்டார். "வண்டி செவ்வாய்க்கிழம சாயங்காலம் வந்தது" என்றார். "அவிய போனது வியாழக்கிழம சாயங்காலம். முழுசா ரெண்டு நாள் இந்த ஊர்ல இருந்திருக்காவ. நான் அந்தச் சனிக்கிழமையே ஸ்டேஷனுக்குப் போயி போர்டைப் பாத்துட்டு வந்துட்டேன்ட்டி. நாக்பூர் வண்டி சாயங்காலம் ஒண்ணுதான்."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊர்ல உள்ள கதைக்கெல்லாம் கிழம பாக்குதவளுக்கு எங்கதைக்குப் பாக்கத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்க்கா இத்தனை வருஷமா கல்லு கல்லுன்னு..."

அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து பின்அட்டையில் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அதையும் அடுக்கின் மேல் வைத்தார்.

"இந்த முப்பது வருஷத்துல ஒன்னையும் சேத்து நாலு பேர்ட்ட சொல்லியிருக்கேன். மூணு பேரு அய்யோ பாவம்னாங்க, ஒரு சொல்லு இப்படிக் கெடுத்துட்டுதேன்னாங்க. அதக் கேக்கத்தான் சொன்னேன். ஒருத்தியும் கிழம கேக்கல. யாரும் கேக்காத வரைக்கும் அவிய என்னப் பாக்கத்தான் வந்திருந்தாவ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். கீழே பழைய பேப்பர்காரன் சைக்கிளை நிறுத்தி மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். அக்கா சணலை எடுத்து அடுக்கைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். முடிச்சு நழுவாமல் இருக்க ஒரு விரலை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். நான் அழுத்திக்கொண்டேன்.